பின்சீட் இல்லாத கார்

எழிலரசி கார் பார்க்கப் போன இடத்திலெல்லாம் விற்கிறவர்கள் மயில்சாமியிடம்தான் பேசினார்கள். தண்ணீர் பாட்டிலும் கையுமாக நின்றிருந்த அவர், "வண்டி எனக்கில்லை, இவங்களுக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். சொன்ன பிறகும் அவர்கள் எஞ்சினைப் பற்றி அவரிடமும், நிறத்தைப் பற்றி அவளிடமும்தான் பேசினார்கள்.

இருவருக்கும் கோபிசெட்டிபாளையம் பக்கம். ஆலன் என்கிற அமெரிக்க ஊரில் வீடு வாங்கிக் குடியேறிப் பல வருஷமாகிவிட்டது. அவள் ஒரு மருத்துவமனையில் பார்மசிஸ்ட். அவர் டெலிகாம் கம்பெனியில் இருந்தார். ஒரே மகள் வெண்பா அந்த வருஷம்தான் ஆஸ்டினுக்குப் படிக்கப் போயிருந்தாள். பள்ளிக்கும் பாட்டு கிளாசுக்கும் நீச்சலுக்கும் ஓடித் தேய்ந்த மினிவேன் வாசலில் சும்மா நின்றது. அதைத் தள்ளிவிட்டு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசைப்பட்ட ஒரு காரை வாங்கப்போவதாக எழிலரசி சொன்னபோது, மயில்சாமி ஏதோ எலக்ட்ரிக் கார் என்று நினைத்துக்கொண்டார். அவள் போனில் காட்டியது ஐம்பதுகளில் ஜெர்மனியில் செய்த ஸ்பீட்ஸ்டர். தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, உருண்டைக் கண்கள், கூரை என்று ஒன்றுமில்லை. அசல் வண்டிகளெல்லாம் மியூசியத்திலும் கோடீஸ்வரர்களின் கராஜிலும் போய் அடைந்துவிட்டன. ஆசைப்பட்டவர்களுக்கென்று ஃபைபர்கிளாசில் அதே அச்சில் உடம்பு செய்து, பழைய பீட்டில் காரின் அடிப்பாகத்தின் மேல் உட்காரவைத்து விற்கிறார்கள். அதற்கு ரெப்ளிகா என்று பெயர்.

"டூப்ளிகேட்டுக்கா இத்தன பாடு?" என்றார் மயில்சாமி.

"ஒரிஜினலா இருந்தா ஓட்டவே பயமா இருக்குமுங்க. பூட்டி வெச்சுப் பாத்துட்டுத்தான் இருக்கோணும். இதுன்னா கல்லு பட்டா படட்டும்னு ஓட்டலாம்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த இலையுதிர்காலம் முழுவதும் சனிக்கிழமை தோறும் கார் பார்த்தார்கள். பிளேனோவில் ஒருவர், ஸ்பீட்ஸ்டர் எதற்கு என்று சொல்லி, பெரிய வி-எய்ட் எஞ்சின் வைத்த வேறொரு ரெப்ளிகாவில் அவளை ஏற்றினார். கிளட்சை மிதிக்க ஒரு ஆளின் முழு பலமும் வேண்டியிருந்தது; சிக்னலில் நிற்கும்போது கால் வெந்தது. கலிபோர்னியாவில் புதிதாகச் செய்துதருகிறவர்கள் இரண்டு வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். இந்தியக் கடைகள் நிறைந்த ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் அவென்யூவுக்கு மளிகை வாங்கப் போன சாக்கில் ஒன்றைப் பார்த்தார்கள். தூரத்தில் பார்க்க ராஜா மாதிரி இருந்தது. பக்கத்தில் போனால் கதவு இடுக்கில் மேலே விரல் நுழைந்தது, கீழே காகிதம் நுழையவில்லை. கதவு இடுக்கு, வெல்டிங் மூட்டு, பிரேக், பேப்பர் என்று எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது அதற்குள் எழிலரசிக்கு மனப்பாடமாகியிருந்தது.

கடைசியில் கிடைத்தது ஹில் கன்ட்ரியில், மலைச்சரிவும் ஓடைகளுமான ஒரு சிற்றூரில். விற்றவர் பெயர் ராய். விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியைத் தன் கையாலேயே கட்டியிருந்தார். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து எழ முடியவில்லை என்றார். அவர் ஒருவர்தான் மயில்சாமியை விட்டுவிட்டு நேரே எழிலரசியிடம் பேசினார்.

வண்டி யானைத் தந்த நிறத்தில் இருந்தது. கதவு இரண்டு பக்கமும் ஒரே சீராக மூடியது. ராய் சீட்டுக்குப் பின்னாலிருந்த கார்ப்பெட்டைத் தூக்கி வெல்டிங் மூட்டைக் காட்டினார். தையல் போட்டதுபோல் நேராக ஓடியது அது.

"இந்த உடம்புக்குப் பீட்டிலின் தளம் நீளம் அதிகம். நடுவில் ஓரடி வெட்டி எடுத்துவிட்டுப் பற்றவைக்க வேண்டும். பலர் இதில்தான் கோட்டைவிடுவார்கள்."

"எந்த இடத்தில் வெட்டுவீர்கள்?" என்று கேட்டாள் எழிலரசி.

"பின்சீட்டில் உட்காருகிறவர்கள் கால் வைக்கிற இடம். இதில்தான் பின்சீட்டே கிடையாதே."

வேறு கேள்வி அவளுக்கு இருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது மயில்சாமி தன் காரில் பின்னால் வந்தார். எழிலரசி தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, ஃப்ரீவேயை விட்டுவிட்டு, ஊர்கள் வழியாகப் போகிற ரோட்டைப் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் தையல் மெஷின்போல ஓடியது. வெயிலும் காற்றும் காய்ந்த புல் வாசமுமாக, முதல் ஒரு மணி நேரம் அவளுக்குச் சிரித்த வாய் மூடவில்லை. ஒரு ஊரில் சிவப்பு சிக்னலில் நின்றபோதுதான் முதுகில் அது தெரிந்தது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், சற்றுக் கீழே, சின்னதாக இரண்டு அழுத்தங்கள். அழுத்திவிட்டு விலகின. பிறகு மறுபடி.

சீட் ஸ்பிரிங் என்று நினைத்துக்கொண்டாள். பச்சை விழுந்ததும் மறந்தும்போனாள்.

ஆனால் அது போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் மெக்கின்னி பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவாள். பெட்ரோல் போட நின்றால் யாராவது வந்து, "இது நிஜமானதா?" என்று கேட்பார்கள். ரெப்ளிகா என்பாள். கேட்டவர் முகம் லேசாக விழும். உண்மையைச் சொல்வதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கிளம்பி இரண்டு தெரு தாண்டுவதற்குள் முதுகில் அந்த இரண்டு அழுத்தங்களும் வந்துவிடும். ஒருநாள் தாளம்போல விட்டுவிட்டு; ஒருநாள் ஒரே அழுத்தாக, சலிப்போடு. சீட் தைக்கிற கடையில் காட்டினாள். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஸ்பிரிங்கே கிடையாது, வெறும் ஃபோம்தான் என்றார்கள்.

அந்த அழுத்தம் என்னவென்று அவள் முதுகுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. வெண்பா சின்னவளாக இருந்தபோது பழைய காரில் பின்னால் உட்கார்ந்து, முன்சீட்டை முழங்காலால் முட்டி, இதைத்தான் செய்வாள். அதே உயரம். அவள் முதல் வகுப்புக்குப் போன வருஷத்து உயரம். மகள் இல்லாத வீட்டில் மனசு செய்கிற வேலை இது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். யாரிடமும் பேசவில்லை.

விடுமுறைக்கு வந்த வெண்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். மகள் கொஞ்ச தூரம் போனதும் அவளையே பார்த்தாள்.

"அம்மா, ஒய் ஆர் யூ சிட்டிங் ஸோ க்ளோஸ்? ஸ்டியரிங் நெஞ்சுல முட்டுது."

எழிலரசி குனிந்து பார்த்தாள். உண்மைதான். முழங்கால் டாஷ்போர்டில் இடித்துக்கொண்டிருந்தது. சீட்டை அவள் ஒவ்வொரு பல்லாக முன்னால் நகர்த்தியபடியே வந்திருக்கிறாள். எப்போது நகர்த்தினாள் என்று நினைவில்லை. பின்னால் இருப்பவர் கால் நீட்டிக்கொள்ளட்டும் என்று காரில் முன்சீட்டில் இருக்கிற யாரும் செய்கிற காரியம் அது.

வீட்டுக்கு வந்ததும் மயில்சாமியிடம் சாவியைக் கொடுத்தாள். "ஏனுங்க, ஒரு ரவுண்டு நீங்க ஓட்டிட்டு வாங்களேன்."

"எனக்கெதுக்கு?"

"சும்மா. கிளட்ச் சரியா இருக்குதான்னு பாருங்க."

அவர் திரும்பி வர அதிக நேரம் ஆகவில்லை. வண்டியை கராஜில் விடாமல் தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எழிலு, பின்னாடி ஆரோ முட்டிக்கால்ல இடிக்கறாப்பல இருக்குது."

"எனக்கு எத்தனையோ நாளா இருக்குது."

"சொல்லவே இல்ல."

"சொன்னா நீங்க வண்டிய வித்துப்போடச் சொல்லுவீங்க."

"இப்பவும் அதத்தான் சொல்றேன்," என்றார் அவர். அதன் பிறகு அவர் அந்த வண்டியில் ஏறவில்லை. விற்கவும் எழிலரசிக்கு மனம் வரவில்லை. இதை விவரம் தெரியாத ஒருவர் தலையில் எப்படிக் கட்டுவது? அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. பயத்தைவிட, பின்னால் இருப்பது இடமில்லாமல் தவிக்கிறதே என்கிற எண்ணம்தான் அவளை வாட்டியது. ஓரடி வெட்டி எடுத்துவிட்டார்கள். கால் வைக்கிற இடத்தை.

ராய்க்குப் போன் செய்தாள். வண்டி எப்படி ஓடுகிறது என்று அவர் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். சீட்டில் ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று அவள் கேட்டாள்.

"அது மூன்றாவது சீட்," என்றார் அவர். "இரண்டை மாற்றிப் பார்த்தேன்."

"அப்படியானால் உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும், சொல்லுங்கள். முதுகில் ஏதோ இடிக்கிறது. அறுபது வயதில் யாருக்குத்தான் முதுகில் ஏதோ இடிக்கவில்லை?"

"அந்தத் தளம் எங்கே கிடைத்தது?"

அவர் மறைக்கவில்லை. அவர் ஊரில்தான், ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது என்றார். எழுபதுகளில் ஓடையில் திடீர் வெள்ளம் வந்தபோது, பாலத்துக்குப் பதிலாகத் தரையோடு போட்டிருக்கும் சிமென்ட் பாதையைக் கடக்க முயன்ற பீட்டில் அது. தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மரத்தில் சாத்திவிட்டது. ஓட்டிய பெண் ஜன்னல் வழியாக வெளியே விழுந்து பிழைத்துக்கொண்டாள். பின்சீட்டில் அவளுடைய ஆறு வயது மகள் இருந்தாள். இரண்டு கதவு வண்டி. முன்சீட்டை மடக்கினால்தான் பின்னால் இருப்பவர் வெளியே வர முடியும்.

"அந்தத் தாய்?"

"லொரெய்ன். இங்கேதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. அவருக்கு இந்த வண்டியைப் பற்றித் தெரியாது. கொட்டகை கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. நான் வாங்கியது வெறும் தளம். நாலு சக்கரத்தை மாட்டுகிற இரும்பு. அப்படித்தான் நினைத்தேன்."

போகலாமா கூடாதா என்று ஒரு வாரம் வீட்டில் பேச்சு நடந்தது.

"அந்தம்மாகிட்டப் போயி என்னன்னு சொல்லுவே?" என்றார் மயில்சாமி. "ஆறுன புண்ணக் கீறி உடறதா?"

"ஆறிருக்கும்னு உங்களுக்கு ஆரு சொன்னது?" என்றாள் எழிலரசி. "வெண்பா அப்படி எங்கியாவது இடமில்லாம உக்காந்திருந்தா, ஒருத்தர் வந்து எங்கிட்டச் சொல்லோணும்னுதான் நான் நெனப்பேன்."

ஒரு சனிக்கிழமை காலை, முன்பு வந்ததுபோலவே, அவள் முன்னாலும் அவர் பின்னாலுமாகக் கிளம்பினார்கள். வழியெல்லாம் அழுத்தம் அமைதியாகவே இருந்தது. ஊர் நெருங்க நெருங்கத்தான் அது வேகம் பிடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை தன் தெருவைப் பார்த்ததும் காலை ஆட்டுமே, அப்படி.

லொரெய்ன் வீட்டுத் தோட்டத்தில் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மெலிந்து, நிமிர்ந்து, தொப்பி போட்ட பெண்மணி. தந்த நிறக் காரைப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. நிஜமானதா?" என்றுதான் அவரும் கேட்டார்.

"இல்லை. ரெப்ளிகா," என்றாள் எழிலரசி. "மேலே இருப்பது புதிது. கீழே இருப்பது பழைய பீட்டில். இந்த ஊர் பீட்டில்."

லொரெய்ன் குழாயை மூடினார். எழிலரசி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. என்ன நடக்கிறதோ அதை மட்டும் சொன்னாள். முதுகைப் பற்றி, முழங்கால்களைப் பற்றி, தான் சீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டே வந்ததைப் பற்றி. சொல்லி முடித்தபோது, இந்த அம்மாள் போலீசைக் கூப்பிட்டாலும் குற்றமில்லை என்று தோன்றியது.

லொரெய்ன் வீட்டுக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது. மயில்சாமி தன் கார்ப் பக்கத்தில் நின்று, போயிடலாம் என்று கையால் சைகை காட்டினார். அவள் அசையவில்லை. கதவு மறுபடி திறந்தபோது லொரெய்ன் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ போட்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றியிருந்தார்.

"நான் ஓட்டுகிறேன்," என்றார்.

எழிலரசி பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். நாற்பது வருஷமாகக் கியர் வண்டியைத் தொட்டதில்லை என்று லொரெய்ன் சொன்னாலும் கிளட்ச் ஒருமுறைகூட உதறவில்லை. மயில்சாமியை வாசலிலேயே விட்டுவிட்டு, தெருக்கோடியில் திரும்பி, மரங்களுக்கு நடுவே இறங்குகிற பாதையில் விட்டார். கீழே ஓடை. தரையோடு கிடந்த சிமென்ட் பாதை, பக்கத்தில் நீர்மட்டம் குறித்த வெள்ளைக் கம்பம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பாதையின் மேல் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் வழிந்தது.

விளிம்பில் வண்டியை நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எழிலரசி அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தோளைப் பார்த்தாள். பூப்போட்ட சட்டைக்குள் அந்தத் தோள் மெதுவாக ஒருமுறை முன்னால் வந்து பின்னால் போனது. பிறகு மறுபடி.

"டேனா, உதைக்காதே," என்றார் லொரெய்ன்.

அழுகையோ நடுக்கமோ இல்லை அந்தக் குரலில். ஆயிரம் முறை சொல்லி அலுத்த தாயின் குரல். தோள் அசைவது நின்றது.

லொரெய்ன் முதல் கியரைப் போட்டு, அவசரமே இல்லாமல், ஓடையைக் கடந்தார். சக்கரங்களின் இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறியது. அந்தக் கரையில் ஏறியதும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கினார். அவர் கனம் நீங்கி வண்டி எழும்பி நின்றது. கதவை முழுக்கத் திறந்துவைத்துக்கொண்டு, குனிந்து, தான் உட்கார்ந்திருந்த சீட்டின் சாய்மானத்தை முன்னால் மடக்கினார். மடக்கி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கதவின் மேல் வைத்து, காத்திருந்தார்.

எழிலரசி பின்னால் திரும்பவில்லை. மடியில் கோத்திருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிறு பிள்ளை பின்சீட்டிலிருந்து நகர்ந்து, காலைத் தேடி வைத்து, குனிந்து வெளியே வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் போனது. வண்டி ஒரு நூல் உயர்ந்தது.

லொரெய்ன் சீட்டை நிமிர்த்தி, கதவைச் சாத்தினார்.

"நீங்கள் கிளம்புங்கள். நாங்கள் நடந்து போய்க்கொள்கிறோம்."

ஷூவைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டு அவர் வந்த வழியே தண்ணீரில் இறங்கினார். எழிலரசி டிரைவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தும் சாவியைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதையின் நடுவில் லொரெய்ன் நின்றார். தண்ணீரை வேடிக்கை பார்த்துப் பின்தங்குகிற பிள்ளைக்காக நிற்பதுபோல், பாதி திரும்பி, பொறுமையாக நின்றார். பிறகு நடந்து, கரையேறி, மரங்களுக்குள் மறைந்தார்.

அவள் போன் செய்ததும், ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற சாலையில் மயில்சாமி வந்து சேர்ந்துகொண்டார். சாப்பிட நிறுத்திய இடத்தில் அவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா என்னைத் தாண்டித்தான் ஊட்டுக்குள்ள போச்சு. சிரிச்சுட்டே போச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு எழிலு."

ஆலன் வந்து சேரும்வரை எழிலரசியின் முதுகில் எதுவும் இல்லை. கராஜில் நிறுத்தியதும் சீட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைத்தாள். நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில், நல்ல கார், நல்ல ரோடு, நல்ல காற்று எல்லாம் இருந்தும், அவள் முதுகு எதற்கோ காத்துக்கொண்டே இருந்தது. வழியில் ஆஸ்டினுக்குப் போன் போட்டு வெண்பாவிடம் காரணமில்லாமல் பேசினாள். வண்டி எண்ணெய் கசிந்தது, மழையில் நனைந்தது, வலது கதவு கிரீச்சிட ஆரம்பித்தது. எல்லோருக்கும் இருக்கிற தொல்லைகள்தான்.

வசந்தத்தில் ஹில் கன்ட்ரியில் நீலப்பூ பூக்கும் சமயம் பழைய கார்க்காரர்கள் அந்தப் பக்கம் கூட்டமாகப் போவார்கள். எழிலரசிக்கும் அழைப்பு வந்தது. போகலாம், அப்படியே லொரெய்னையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவரே போன் செய்தார். ராயிடம் நம்பர் வாங்கியதாகச் சொன்னார். குரல் தெளிவாக, இளமையாகக்கூட இருந்தது. தோட்டத்தைப் பற்றிப் பேசினார். தக்காளி நட்டிருப்பதாகச் சொன்னார்.

"உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்," என்றார் பிறகு. "அந்தக் கார்க் கூட்டம் இந்த வழியாகத்தான் வருமாம். தயவுசெய்து உங்கள் வண்டியை இந்த ஊருக்குள் கொண்டுவராதீர்கள்."

"ஏன்? உங்களுக்கு வருத்தமாக இருக்குமா?"

"எனக்கில்லை. அவள் இப்போது தோட்டத்தில்தான் எந்நேரமும் இருக்கிறாள். அந்த எஞ்சின் சத்தம் அவளுக்குத் தெரியும். கேட்டால் வந்து ஏறிக்கொள்வாள். காரில் போவதென்றால் அவளுக்கு அவ்வளவு இஷ்டம்."

அந்தப் பக்கம் லொரெய்ன் மூச்சு விடுவது கேட்டது. அதோடு வேறு மூச்சும் கேட்கிறதா என்று அவள் காது தானாகத் தேடியது. தேடாதே என்று தன்னையே அடக்கிக்கொண்டாள்.

"வரமாட்டேன்," என்றாள். "சத்தியமாக வரமாட்டேன்."

ஈ-மெயிலைப் பார்த்துக்கொண்டிருந்த மயில்சாமி நிமிர்ந்தார். "ஆரு போன்ல?"

"நாம அந்தப் பக்கம் போகலீங்க. வேற எங்கியாவது போலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வடக்கே டெக்சோமா ஏரிக்குப் போவதென்று முடிவாயிற்று. அவள் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தபோது, தன் கார்ச் சாவியோடு வந்தவர் சற்று நின்றார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சுற்றி வந்து, கிரீச்சிட்ட கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். சீட்டுக்குப் பின்னால் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "எடு, போலாம்," என்றார்.